கிச்சன் நடுவுல கல் ஐலண்ட் போடலாமா? எங்ககிட்ட அடிக்கடி கேக்குற கேள்விகள்

சேலத்துல நாங்க வீடு கட்டும்போது ஹாலுக்கும் கிச்சனுக்கும் நடுவுல சுவர் வேணாம்னு விட்டுட்டு, அந்த இடத்துல 6 அடிக்கு 3 அடியில ஒரு கிரானைட் ஐலண்ட் போட்டோம். வீட்டுக்கு வர்றவங்க சோபாவுல உக்காராம நேரா அங்க வந்து கைய வெச்சு தடவிப் பாத்துட்டு கேள்வி கேக்க ஆரம்பிச்சுடுறாங்க. சொந்தக்காரங்க, ஆபீஸ் ஃப்ரெண்ட்ஸ், புதுசா வீடு கட்டுறவங்கன்னு ஒரே கேள்விய பல பேர் கேட்டதால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன்.

ஐலண்ட்னா என்ன? நம்ம ஊர் சமையலுக்கு இது செட் ஆகுமா?

சுவர ஒட்டாம நாலு பக்கமும் சுத்தி வர்ற மாதிரி கிச்சன் நடுவுல நிக்குற மேடைதான் ஐலண்ட். செட் ஆகுமான்னு கேட்டா, நம்ம சமையலுக்குத்தான் இது ரொம்ப செட் ஆகும்னு நான் சொல்வேன். நம்ம வீட்டுல அடுப்புல நிக்குற நேரத்த விட காய் நறுக்குறது, கீரை ஆயுறது, தேங்கா துருவுறது, மாவு பிசையுறது, முறுக்கு பிழியுறதுன்னு பக்கத்து வேலைதான் ஜாஸ்தி, அதுவும் ரெண்டு மூணு பேர் சேந்து பேசிக்கிட்டே செய்யுற வேலை. முன்னாடி தரையில உக்காந்து அருவாமனைய சுத்தி செஞ்சாங்க, ஆட்டுக்கல்ல சுத்தி செஞ்சாங்க. கல்யாணத்துலயே அம்மி மிதிக்குற ஊருங்க இது, வீட்டு நடுவுல கல்லு இருக்குறது நமக்கு ஒண்ணும் புதுசு இல்ல. இப்ப முட்டி வலிக்காம நின்னுக்கிட்டு செய்யுறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனா ஒண்ணு, அழகுக்கு மட்டும்னு போட்டா ஆறு மாசத்துல அது மேல கரண்ட் பில்லும் ஹெல்மெட்டும் காய்கறிப் பையும்தான் இருக்கும். அதனால முதல்ல அங்க என்ன வேலை நடக்கப்போகுதுன்னு வீட்டுல சமைக்குறவங்கள உக்கார வெச்சு கேளுங்க, கல்லு கலர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.

எவ்ளோ இடம் வேணும்? எங்க கிச்சன் 10க்கு 10 தான்

10க்கு 10ல தயவுசெஞ்சு ஐலண்ட் போடாதீங்க. கணக்கு இதுதான்: சுவரோரம் இருக்குற மேடை 2 அடி, அதுக்கும் ஐலண்டுக்கும் நடுவுல நடக்க மூணரை அடி, ஐலண்ட் 3 அடி, அந்தப் பக்கம் திரும்ப மூணரை அடி, ஆக மொத்தம் 12 அடி ஆச்சு. ஹால் பக்கம் சுவர் இல்லாம தொறந்திருந்தா கொஞ்சம் விட்டுக் கொடுக்கலாம், ஆனா மேடைப் பக்கம் மூணரை அடிய குறைக்காதீங்க, ஏன்னா ஒருத்தர் குனிஞ்சு கீழ் டிராயர தொறந்திருக்கும்போது இன்னொருத்தர் கொதிக்குற குழம்ப தூக்கிட்டு பின்னாடி போகணும். ரெண்டு பேர் எப்பவும் சேந்து சமைக்குற வீடுன்னா 4 அடி விடுங்க.

சின்ன கிச்சன்னா ஒரு பக்கம் சுவரோட ஒட்டுன மாதிரி மேடைய நீட்டலாம், இல்ல 4க்கு 2ல கல்லு போட்ட ஒரு உறுதியான டேபிள நடுவுல வைக்கலாம். அதுலயும் அதே வேலை நடக்கும்.

என்ன கல்லு போடுறது? இதுலதான் மண்டை காயுது

கிரானைட்னு நான் ஒரே வார்த்தையில சொல்லிடுவேன், ஆனா எந்த கிரானைட்ங்கறதுலதான் விஷயமே இருக்கு.

நாம இருக்குறதே கல்லு மேல. கிருஷ்ணகிரி பக்கம் வெட்டுற பாரடைசோ உலகம் பூரா போகுது, செம்மண் நிறமும் ஊதாவும் சாம்பலும் அலை அலையா கலந்து ஓடும். அந்தப் பக்கத்துப் பாறையெல்லாம் சுமார் 250 கோடி வருஷப் பழசு, பூமிக்குள்ள ஆழத்துல சூட்டுல பாதி உருகி மடிஞ்சதாலதான் அந்த அலை. எங்க ஐலண்ட் அதுதான். கல்ல பெரிய பெரிய பலகையா, அதான் ஸ்லாப்பா, அடுக்கி விக்குற நாலு யார்டு ஏறி இறங்கி, ஒரு ஸ்லாப்ல ஒரு ஓரத்துல இருந்து மறு ஓரம் வரைக்கும் ஆறு ஓடுற மாதிரி ஒரு கோடு போனத பாத்ததும் என் மனைவி இதுதான்னு நின்னுட்டாங்க.

கருப்பு வேணும்னா திண்டிவனம் பக்கத்து குன்னம் கருப்பு நல்ல அடர்த்தியான கல்லு. பிளாக் கேலக்ஸி ஆந்திரால பிரகாசம் மாவட்டம் சீமகுர்த்தில இருந்து வருது, கருப்புல தங்கப் பொட்டு தெளிச்ச மாதிரி மின்னும். டேன் பிரவுன் தெலங்கானா கரீம்நகர் பக்கம். கருப்புல ஒரே கஷ்டம், எங்க ஊர் மாதிரி உப்புத் தண்ணி போர்வெல் இருந்தா தண்ணி காஞ்ச இடமெல்லாம் வெள்ளை வெள்ளையா தெரியும், துடைச்சுக்கிட்டே இருக்கணும்.

காஷ்மீர் ஒயிட்னு ஒண்ணு காட்டுவாங்க. பேருதான் காஷ்மீர், கல்லு நம்ம மதுரைப் பக்கம். வெள்ளையில சின்னச் சின்ன சிவப்புப் பொட்டு, பாக்க அவ்ளோ அழகு. ஆனா அது தண்ணிய உறிஞ்சும், அந்தப் பொட்டு எல்லாம் கார்னெட்ங்கற தாது, அதுல இரும்பு இருக்கு, அதனால புளிப்பும் ஈரமும் பட்டுப் பட்டு மஞ்சளா துரு ஏறின மாதிரி ஆகிடும். நாங்க முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டு மேடை இதுதான், புளி கரைச்சு வைக்குற இடத்துல வட்டம் வட்டமா விழுந்தது கடைசி வரைக்கும் போகல. பூஜை ரூமுக்கு போடுங்க, சமையல் மேடைக்கு வேணாம்.

கடப்பா கல்லு சீப்பா கிடைக்குதே, கோட்டா கல்லு?

ரெண்டுமே சுண்ணாம்புக் கல் வகை. ஷெல்ஃபுக்கு கடப்பா அருமை, நம்ம வீடுகள்ல எத்தன வருஷமா தாங்குது. ஐலண்ட் மேல போட்டா எலுமிச்சை, புளி, தயிர் பட்ட இடம் பாலிஷ் போய் மங்கிடும், கத்திக் கீறலும் விழும்.

வெள்ளை மார்பிள் போட்ட ஃபோட்டோ பாத்தேன், அது மாதிரியே வேணும்னு ஆசை

ஆசை நியாயமானதுதான், மார்பிள் அவ்ளோ அழகு. ஆனா அதுவும் அதே சுண்ணாம்புச் சத்துதான். கல்லோட கடினத்த அளக்குற மோஸ் அளவுகோல்ல மார்பிள் 3 கிட்ட வரும், கிரானைட் 6ல இருந்து 7. கத்தி இரும்பு அஞ்சரை கிட்ட, அப்ப எது எதைக் கீறும்னு பாத்துக்கோங்க. ரசம் வைக்குற வீட்டுல, தினம் எலுமிச்சை பிழியுற வீட்டுல மார்பிள் மேல புள்ளி விழாம இருக்காது. மஞ்சப்பொடி கொட்டினா கேக்கவே வேணாம். வெளிர் நிறம்தான் வேணும்னா, உறிஞ்சாத வெளிர் கிரானைட்டா தேடுங்க, கீழ சொல்ற தண்ணி டெஸ்ட் பண்ணிட்டு வாங்குங்க.

குவார்ட்ஸ் போட்டா கறையே படியாதாமே?

உண்மைதான், கறை கம்மி. குவார்ட்ஸ்னு விக்குறது வெட்டி எடுத்த கல்லு இல்ல, குவார்ட்ஸ் தூளையும் பிசினையும் சேத்து அழுத்தி செய்யுறது, அந்தப் பிசின்தான் பிரச்சனையும். சுமார் 150 டிகிரிக்கு மேல சூடு பட்டா நிறம் மாறும், இல்ல வெடிப்பு விடும். தோசைக்கல்லு 200 டிகிரிய சாதாரணமா தாண்டும். நம்ம வீட்டுல அவசரத்துல கடாய எடுத்து பக்கத்துல வைக்குற கைய யாரு தடுக்க முடியும்? கிரானைட்ல வெச்சா சாதாரணமா ஒண்ணும் ஆகாது.

இன்னொரு காரணம் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. இந்த குவார்ட்ஸ் கல்ல வெட்டும்போது வர்ற தூசியில சிலிகா ரொம்ப அதிகம், அத சுவாசிச்ச தொழிலாளிகளுக்கு சிலிகோசிஸ்னு நுரையீரல் நோய் வந்து, அதனாலயே ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1ல இருந்து இந்த வகைக் கல்லையே தடை பண்ணிடுச்சு. கிரானைட்லயும் சிலிகா இருக்கு, குவார்ட்ஸ் அளவுக்கு இல்ல, ஆனா இருக்கு. அதனால எந்தக் கல்லா இருந்தாலும் வெட்டும்போது தண்ணி விட்டுத்தான் வெட்டணும்னு கட்டாயமா சொல்லுங்க. நம்ம வீட்டுக்குள்ளயே உக்காந்து மூக்குல ஒரு கர்ச்சீஃப் மட்டும் கட்டிக்கிட்டு டிரையா கட்டிங் போடுற தம்பிகள பாத்தா மனசு கஷ்டமா இருக்கு. பெரிய கட்டிங், ஓரம் பாலிஷ் எல்லாத்தையும் பட்டறையிலயே முடிச்சு கொண்டு வரச் சொல்லுங்க, வீட்டுல பண்ற கொஞ்ச வேலைக்கு நல்ல மாஸ்க்கும் ஒரு பக்கெட் தண்ணியும் நீங்களே குடுங்க.

யார்டுல போய் என்னத்த பாக்கணும்?

முதல்ல ஸ்லாப் சைஸ். கட்டர் ஸ்லாப்னு சொல்றது அகலம் கம்மி, ரெண்டு ரெண்டரை அடிதான் வரும், சுவரோர மேடைக்கு அது போதும். 3 அடி அகல ஐலண்ட் ஒரே பீஸா வரணும்னா கேங்சா ஸ்லாப் வேணும், அது 9 அடிக்கு 5 அடி மாதிரி பெருசா வரும். இது தெரியாம கட்டர் ஸ்லாப் விலையக் கேட்டு பட்ஜெட் போட்டுட்டு, அப்புறம் நடுவுல ஜாயிண்ட் விழுதேன்னு வருத்தப்பட்டவங்கள பாத்திருக்கேன். வீட்டுக்கே நடுவுல நிக்குற கல்லுல ஜாயிண்ட் வரக்கூடாது, இதுல நான் விட்டுக் கொடுக்கவே மாட்டேன்.

அப்புறம் ஸ்லாப்ப வெயில்ல நிறுத்தச் சொல்லி பாருங்க, ஷெட்டுக்குள்ள இருக்குற கலர் வேற, வெளிய வேற. மேல தண்ணிய ஊத்தி துடைங்க, மயிரிழை மாதிரி வெடிப்பு இருந்தா அந்தக் கோடு மட்டும் ஈரமா நிக்கும். பின்பக்கம் ஃபைபர் வலை ஒட்டியிருந்தா அது பலவீனமான கல்லா இருக்கலாம், தள்ளிடணும்னு அவசியம் இல்ல, ஆனா ஏன் ஒட்டினாங்கன்னு கேளுங்க. ஓரத்துல கொஞ்சம் தண்ணி விட்டு 10, 15 நிமிஷம் டீ குடிச்சுட்டு வாங்க, அந்த இடம் கறுத்துப் போயிருந்தா கல்லு உறிஞ்சுதுன்னு அர்த்தம். கருப்புக் கல்லுன்னா பஞ்சுல தின்னர் தொட்டு அழுத்தித் தேய்ங்க, பஞ்சுல கருப்பு வந்தா சாயம் ஏத்தியிருக்காங்க. இதெல்லாம் பண்ணா கடைக்காரர் கோவிச்சுக்குவாரோன்னு தயங்காதீங்க, நல்ல கடைக்காரர் அவரே தண்ணி கொண்டு வந்து ஊத்திக் காட்டுவாரு.

தேர்ந்தெடுத்த ஸ்லாப்போட நம்பர ஃபோட்டோ எடுத்து, ஓரத்துல உங்க பேர எழுதிட்டு வாங்க. வந்து இறங்கினது அதே ஸ்லாப்தானான்னு பாக்க அது ஒண்ணுதான் வழி.

உயரம் எவ்ளோ வைக்கணும்? இன்டீரியர்காரர் 36 இஞ்ச்னு சொல்றாரு

இந்தக் கேள்விய எல்லாரும் கடைசியில கேக்குறாங்க, இதத்தான் முதல்ல கேக்கணும். எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். இன்டீரியர் வேலைக்கு வந்தவங்க 36 இஞ்ச்தான் ஸ்டாண்டர்டுன்னு சொன்னாங்க, நாங்களும் சரின்னுட்டோம். கல்லு பதிச்சு முடிச்சு முதல் நாள் அம்மா சப்பாத்திக்கு மாவு தேய்க்க நின்னாங்க. அம்மா 4 அடி 11 இஞ்ச். தோள தூக்கித் தூக்கி தேய்ச்சுட்டு நாலாவது சப்பாத்தியில "என்னால முடியலப்பா"ன்னு கட்டைய வெச்சுட்டு பழைய ஸ்டூல்ல போய் உக்காந்துட்டாங்க. அவங்களுக்காகவே கட்டின மேடைல அவங்களால வேலை செய்ய முடியலன்னா எவ்ளோ வேதனையா இருக்கும் சொல்லுங்க. மறுபடி நாலு ஆள வரவெச்சு கல்ல தூக்கி, கீழ இருந்த பெட்டிய மூணு இஞ்ச் அறுத்து 33க்கு கொண்டு வந்தோம். கல்லு உடையாம இறங்கினது எங்க அதிர்ஷ்டம்.

கணக்கு சுலபம்தான். அதிகமா வேலை செய்யுறவங்க செருப்பில்லாம நேரா நின்னு முழங்கைய மடக்கினா தரையில இருந்து முழங்கை வரைக்கும் எவ்ளோன்னு அளங்க, அதுல 4ல இருந்து 6 இஞ்ச் கழிங்க, அதான் உங்க உயரம். நறுக்குறதுக்கு 4 கழிச்சா போதும், மாவு பிசைய, தேய்க்க 6 கழிச்சா நல்லா அழுத்தம் குடுக்க வரும். டேபிள் டாப் கிரைண்டர் மேல வைக்கறதா இருந்தா, அதுக்குள்ள கைய விட்டு மாவு வழிக்கணுமேங்கறதயும் சேத்து யோசிங்க. கல்லு தடிமனக் கழிச்சுட்டுத்தான் பெட்டி உயரம் சொல்லணும், பெட்டி வெச்ச அப்புறம்தான் தரைக்கு டைல்ஸ் வருதுன்னா அந்த டைல்ஸ் தடிமனக் கூட்டிக்கணும். அட்டைப்பெட்டிய அடுக்கி அந்த உயரத்துக்கு மேல பலகை போட்டு ரெண்டு நாள் சும்மா காய் நறுக்கிப் பாருங்க, இத விட நல்ல டெஸ்ட் கிடையாது.

அடுப்பையும் சிங்க்கையும் ஐலண்ட்லயே வைக்கலாமா?

அடுப்பு வேணாம். நாம தாளிக்குற தாளிப்புக்கு எண்ணெய் நாலு பக்கமும் தெறிக்கும், எதிர்ல பிள்ளைங்க உக்காந்திருக்கும். சிம்னிய சீலிங்ல இருந்து தொங்க விடணும், ஃபேன் காத்துல புகை அதுக்குள்ள போகவே போகாது. கேஸ் லைன் தரைக்குள்ள வரணும், ரப்பர் டியூப் ஒன்றரை மீட்டருக்கு மேல போகக்கூடாது, எல்பிஜி காத்த விட கனம், லீக் ஆனா கீழயே தங்கும், மூடின பெட்டிக்குள்ள அது எவ்ளோ ஆபத்துன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. வீட்டுல பெரியவங்க அக்னி மூலை பாப்பாங்கன்னா அடுப்பு தென்கிழக்கு சுவரோரமே இருக்கட்டும், கிழக்கு பாத்து சமைக்கட்டும், ஐலண்ட் வேலை மேடையா மட்டும் இருக்கட்டும். எங்க வீட்டுல அப்படித்தான், யாருக்கும் மனக்குறை இல்ல.

சிங்க் வைக்கணும்னா தளம் போடுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடணும், கழிவுத் தண்ணி பைப் சரிவா போக தரை தாழ்வா இருக்கணும். வீடு முடிஞ்ச அப்புறம்னா மறந்துடுங்க. பாத்திரம் குவிஞ்சு கிடக்குற சிங்க் வீட்டு நடுவுல தெரியவும் வேணாம்னு நான் நினைக்குறேன்.

எங்களுது மாடி வீடு, வெயிட் தாங்குமா?

20 எம்எம் கிரானைட் சதுரடிக்கு சுமார் 5 கிலோ. 6க்கு 3 மேல் கல்லு மட்டும் 90 கிலோ, ரெண்டு பக்கமும் தரை வரைக்கும் கல்லு இறக்கினா இன்னும் 80 சொச்சம். பெட்டி, பாத்திரம், கிரைண்டர் எல்லாம் சேந்தா 300 கிலோ கிட்ட வரும். பொதுவா வீட்டுத் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்குற மாதிரி கணக்குப் போடுவாங்க, 6க்கு 3ன்னா ஒண்ணரை சதுர மீட்டருக்கு கொஞ்சம் மேல, அப்ப 300ங்கறது அடங்கிடும். ஆனா கீழ செங்கல் வெச்சு கட்டினா கதை மாறிடும், நாலரை இஞ்ச் சுவர் சுத்தி வந்தா அதுவே 800 கிலோவ தாண்டும். மாடியில செங்கல் வேணாம், ஸ்டீல் ஃபிரேம் இல்ல பிளைவுட் பெட்டி போடுங்க. எதுவா இருந்தாலும் உங்க இன்ஜினியர்கிட்ட பீம் எங்க போகுதுன்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

பக்கவாட்டுல தரை வரைக்கும் கல்லு இறக்குறாங்களே, அது தேவையா?

வாட்டர்ஃபால்னு சொல்லுவாங்க. ஐலண்ட வீட்டோட மையமா காட்டுறதுல இதுக்கு ஈடு எதுவும் இல்ல, ஆனா மேல ஓடுற கோடு மடிஞ்சு அப்படியே கீழ இறங்கணும், அதுக்கு ஒரே ஸ்லாப்ல இருந்து வரிசையா வெட்டணும், மூலைய ரெண்டு பக்கமும் 45 டிகிரி சாய்ச்சு சேக்கணும். இத சுத்தமா பண்ற மேஸ்திரி கிடைக்கலன்னா விட்டுடுங்க, கோடு ஒட்டாத வாட்டர்ஃபால் கண்ணுலயே உறுத்தும். நாங்க ஹால் பக்கம் தெரியுற ஒரு பக்கத்துக்கு மட்டும் இறக்கினோம். சுவரோர மேடைக்கெல்லாம் வெறும் கருப்பு. ரெண்டு கல்லும் கோடு கோடா இருந்தா கண்ணு எதுல நிக்கும்?

ஓரத்த கூர்மையா விடாதீங்க, ஓடுற குழந்தை தலை சரியா அந்த உயரத்துலதான் வரும். லேசா உருட்டச் சொல்லுங்க, மூலையையும் சேத்து.

அதுலயே உக்காந்து சாப்பிடணும்

கால் உள்ள போக 12 இஞ்ச் கல்லு வெளிய நீட்டணும். 20 எம்எம் கல்லு 6 இஞ்சுக்கு மேல தாங்கல் இல்லாம நீட்டக்கூடாது, கீழ ஸ்டீல் பட்டை வெச்சே ஆகணும், ஒரு நாள் யாராவது அது மேல ஏறி உக்காருவாங்க. 33 இஞ்ச் மேடைக்கு 22, 23 இஞ்ச் ஸ்டூல் சரி. பெரியவங்க உயர ஸ்டூல்ல ஏற கஷ்டப்படுவாங்க, அவங்களுக்காக ஒரு ஓரத்த 30 இஞ்ச் உயரத்துல டேபிள் மாதிரி தாழ்த்தி சாதா சேர் போடுங்க. எங்க அப்பா காலை காபிய இப்ப அங்கதான் குடிக்குறாரு.

கரண்ட் பாயிண்ட், லைட்?

டைல்ஸ் போடுறதுக்கு முன்னாடி தரைக்குள்ள பைப் போட்டுடுங்க. மிக்சிக்கு ஒண்ணு, இண்டக்ஷனுக்கு ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட், ரெண்டும் பக்கவாட்டுல, கல்லு மேல ஓட்டை போட வேணாம், தண்ணி இறங்கும். தொங்குற லைட் கல்லுல இருந்து 30ல இருந்து 36 இஞ்ச் மேல. சீலிங் லைட்டுக்கு கீழ ஃபேன் சுத்துச்சுன்னா நிழல் வெட்டி வெட்டி விழும், கத்தி வெச்சு நறுக்குற இடத்துல அது கண்ணுக்கு ரொம்ப தொல்லை, அதனால ஃபேன தள்ளி மாட்டுங்க.

மஞ்சக் கறை, எண்ணெய்க் கறை எப்படி எடுக்குறது?

பதிச்சதும் கல்லுக்குள்ள இறங்கி அது உறிஞ்சாம தடுக்குற சீலர் ஒரு கோட் அடிங்க, அப்புறம் தண்ணி சொட்டு விட்டா முத்தா நிக்கலன்னு தெரியும்போது திரும்ப அடிங்க. மஞ்சளுக்கு பயப்படாதீங்க, வெளிச்சம் பட்டுப் பட்டு அதுவே மங்கும். எண்ணெய்க்கு சோடா மாவ தண்ணியில குழைச்சு அப்பி, பாலிதீன் போட்டு மூடி ராத்திரி விட்டுடுங்க, காலையில துடைச்சா பாதிக்கு மேல போயிருக்கும், ரெண்டு தடவை பண்ணுங்க. ஆசிட் பாட்டில அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க.

கல்லு பதிக்குற அன்னைக்கு என்ன கவனிக்கணும்?

ஸ்லாப்ப படுக்க வெச்சு தூக்க விடாதீங்க, நிறுத்தித்தான் தூக்கணும், படுக்க வெச்சு தூக்கினா தன் கனத்துலயே நடுவுல வெடிப்பு விடும். கல்லு ஏறுறதுக்கு முன்னாடி பெட்டி மேல ரசமட்டம் வெச்சு நாலு மூலையும் நடுவும் பாருங்க, ஒரு மூலை 2 எம்எம் தாழ்ந்திருந்தாலும் பின்னாடி அந்த இடத்துலதான் வெடிக்கும். வழியில கதவு அகலம், படிக்கட்டு திருப்பம் எல்லாம் முன்னாடி நாளே அளந்து வெச்சுடுங்க. எங்க கல்லு வாசல்ல நுழையாம, மாட்டியிருந்த கதவ கழட்டித்தான் உள்ள வந்துச்சு. ஒட்டினதும் ஒரு நாள் முழுக்க யாரும் சாய வேணாம்னு சொல்லி வைங்க, முக்கியமா பசங்ககிட்ட. உயரத்த குறைச்சு திரும்ப கல்லு பதிச்ச மறுநாள் காலையில அம்மா குளிச்சுட்டு வந்து அது மேல முதல்ல ஒரு படி அரிசிய கொட்டி கல்லு பொறுக்க ஆரம்பிச்சாங்க.